மூன்றாவது இடத்தில் லாயிட்

வெள்ளிக்கிழமை பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கியதும் மாரிட் வீட்டுக்குப் போகமாட்டாள். பனியை மிதித்துக்கொண்டு நேராக, வீடியோ கேம் கேசட்டுகளை வாடகைக்கு விடும் வீடியோ கடைக்குத்தான் போவாள்.

"மறுபடியும் இந்தக் கோபுரமா தாயே?" என்பான் கடைக்காரன் கோர்டி. "எட்டு மாடியையும் ஏறி முடிச்சவங்க இந்த ஊர்லயே இல்ல. எல்லாரும் அழுதுகிட்டே திருப்பிக் குடுத்துட்டுப் போறாங்க."

"நான் அழல."

"ரெண்டாவது மாடியே தாண்டலயே நீ, அதான்!"

மாரிட் ஊருக்குப் புதியவள். மதியச் சாப்பாட்டில் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. சனி, ஞாயிறு அம்மாவுக்கு வேலை. ஆனால் அந்த கேசட்டில் ஆட்டத்தைச் சேமிக்க மூன்று இடங்கள் இருந்தன. முதலாவதில் மாரிட். மூன்றாவதில் லாயிட் என்று யாரோ. வாரநாட்களில் வாடகைக்கு எடுப்பவர் போல. ஒவ்வொரு வெள்ளியும் லாயிட் கொஞ்சம் மேலே ஏறியிருப்பார். நாலாவது மாடியில் அவர் வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டபோது இவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருமுறை, காலியாக இருந்த இரண்டாவது இடத்தில் பெயர் கேட்ட கட்டத்தில், லாயிட் பார்க்கட்டும் என்று, 'எப்படி' என அடித்துச் சேமித்துவைத்தாள். அடுத்த வெள்ளி அந்தப் பெயர் 'இடப்பக்கம்' என்று மாறியிருந்தது. இரண்டாவது மாடியின் இடப்பக்கச் சுவரை வாளால் தட்டினாள். கதவு திறந்தது. ஆளில்லாத வீட்டில் கத்திக் குதித்தாள்.

அந்த ஞாயிறு மாலை, கேசட்டைத் திருப்பிக் கொடுக்கும் நேரத்தில், வெளியே அம்மாவின் கார் ஹாரன் அலறியது.

"மாரிட்! கடை அடைச்சிடுவான்டி! வர்றியா இல்லியா?"

ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் விளையாட்டுப் பெட்டியை அணைக்கவேண்டும்; இல்லாவிட்டால் சேமித்ததெல்லாம் அழிந்துபோகலாம். பதற்றத்தில் வெறுமனே அணைத்துவிட்டாள். மறுபடி போட்டுப் பார்த்தாள். மூன்று இடங்களும் காலி. ஆறாவது மாடிவரை போயிருந்த லாயிட் இல்லை.

"விளையாட்டுதானேம்மா, திரும்ப ஆடிக்கலாம்" என்றாள் அம்மா, காரைத் திருப்பிக்கொண்டே.

அடுத்த வெள்ளியும் மூன்று இடங்கள் காலியாகவே இருந்தன. மறுநாள் கடைக்கு ஓடினாள்.

"இதை வேற யாராவது எடுத்தாங்களா?"

"புதன்கிழமை ஒருத்தர் எடுத்தாரு. போன சுருக்குல கொண்டுவந்து வச்சிட்டாரு. கெட்டுப்போச்சான்னு கேட்டேன், ஒண்ணும் பேசல." கோர்டி அவள் முகத்தைப் பார்த்தான். "ஏன், என்னாச்சு?"

மாரிட் கேசட்டோடு திரும்பி ஓடினாள். வீட்டுக்கு வந்து மூன்றாவது இடத்தில் 'லாயிட்' என்று அடித்து, கீழ்மாடியிலிருந்து தொடங்கினாள். செத்துச் செத்து ஏறினாள். இரண்டாவது மாடியில் இடப்பக்கம் திரும்பினாள்.

ஞாயிறு மாலை ஹாரன் கேட்டபோது லாயிட் மூன்றாவது மாடிக்கு வந்திருந்தார். மற்ற இரண்டு இடங்களும் காலியாகவே இருந்தன. ரீசெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு பெட்டியை அணைத்தாள். திரை இருண்ட பிறகும் விரலை எடுக்கவில்லை. ஹாரன் மறுபடி அலறியது.