பாஷாவுக்கு வந்த கிண்ணம்

சாம்சனுக்குப் பாஷா வேஷம் கொடுக்கச் சொன்னது மேனேஜரேதான். அதை அவன் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டான். வேதக்காரனுக்குச் சகுனம் ஏது என்று கேட்காதீர்கள். வேலை தொங்கலில் இருக்கும்போது எல்லாருக்கும் சகுனம் உண்டு.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் இருந்த ஸ்பிரிங் கம்பெனியில் அவன் லைன் சூப்பர்வைசர். கோடையில் ஓவர்டைம் தகராறு வந்தபோது ஆட்கள் பக்கம் நின்றான், சஸ்பெண்டு செய்துவிட்டார்கள். விசாரணை முடிந்தது. முடிவை ஆயுத பூஜை கழித்துச் சொல்கிறோம் என்றார்கள். அதே பூஜையன்று போடும் நாடகத்தில் முக்கிய வேஷமும் அவனுக்கே.

"வெளிய அனுப்பறவனுக்கு எவனாச்சும் தலப்பா கட்டுவானா?" என்று மனைவி லூர்தம்மாளிடம் கேட்டான். அவளும் நம்பினாள், பாவம்.

நாடகம் எழுதியவர் ஸ்டோர் கிளார்க் பாண்டுரங்கன். துருக்கி சரித்திரம் என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"அது இன்னா சார், அத்தினி பேருக்கும் பாஷான்னே பேரு?" என்று சாம்சன் அவரைக் கேட்டான்.

"பேரு இல்லப்பா, பட்டம். மந்திரி, தளபதின்னு பெரிய ஆளுங்களுக்கு சுல்தான் குடுப்பாரு. குடுத்தவரே எடுத்துக்குவாரு. சில சமயம் தலையோட."

நாடகத்தில் முதலில் இரண்டு பாஷாக்கள் இருந்தார்கள். மூன்று சுல்தான்களிடம் மந்திரியாக இருந்த சொகொல்லு மெஹ்மத் பாஷாவை, மனு கொடுப்பவன் போல வந்தவன் குத்திக் கொன்றான். வியன்னாவை வளைத்துத் தோற்றுத் திரும்பிய காரா முஸ்தஃபா பாஷாவைப் பட்டுக் கயிற்றால் முடித்தார்கள். ஆனால் அந்த வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த பிறகு, மேனேஜர் இருவரையும் ஒரே கோட்டில் அடித்துவிட்டார். "கும்பிட வர்ற மாதிரி வந்து கொல்றதா? இந்த ஊர்லயா? மேடையில சாவே கூடாது!"

படுக்கையில் செத்த பாஷாக்களும் உண்டாம். அவர்களை வைத்து யார் நாடகம் போடுவது? பாண்டுரங்கன் தானாக ஒரு பாஷாவைக் கற்பனை செய்தார். சுல்தானின் கோபத்துக்கு ஆளாகி அடைபட்டுக் கிடக்கிறவன். அப்படி அடைபட்டவனிடம் அரண்மனைக் காவல் தலைவன் ஒரு கிண்ணம் சர்பத் கொண்டு வருவான் என்று அந்த ஊரில் சொல்வார்களாம். வெள்ளை என்றால் பிழைத்தான், சிவப்பு என்றால் தலை போயிற்று. நம் பாஷாவுக்கு வெள்ளைதான், மேனேஜர் உத்தரவு.

காவல் தலைவனாக வந்தவன் தாண்டவராயன். வல்லக்கோட்டையிலிருந்து இருவரும் ஒரே சைக்கிளில் வேலைக்கு வந்த காலம் உண்டு. ஒத்திகை தவறாமல் வெள்ளைச் சர்பத்துக்குப் பதிலாக அவன் பால் கொண்டு வருவான். சாம்சன் குடித்துவிட்டு, "சுல்தானே, இது நீர் தந்த உயிர்!" என்று முழங்குவான். தாண்டவராயனுக்குச் சிரிப்பு தாங்காது. கம்பெனி முழுக்கச் சாம்சனைப் பாஷா என்றே கூப்பிட ஆரம்பித்தது. அவனுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

பூஜையன்று மெஷின்களுக்குச் சந்தனம் வைத்து, கேட்டில் பூசணிக்காய் உடைத்து, சாயந்தரம் நாடகத்தை ஆரம்பித்தார்கள். மேனேஜர் முன்வரிசையில் குஷன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு வரிசை தள்ளி லூர்தம்மாள். வெள்ளை எது, சிவப்பு எது என்று பாண்டுரங்கன் மைக்கில் விளக்கிவிட்டார். கடைசிக் காட்சி வந்தது. தாண்டவராயன் தட்டோடு வந்து மண்டியிட்டான்.

கிண்ணத்தில் இருந்தது சிவப்பு.

கூட்டத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள். எவனோ மாற்றி ஊற்றிவிட்டான் என்றுதான் சாம்சன் முதலில் நினைத்தான்.

"இன்னாடா இது? பால் எங்க?" என்று உதடு அசையாமல் கேட்டான்.

"கேட்டாண்ட ஊத்திக்கினு இருந்தாங்களே, அந்த ரோஸ் சர்பத்து." தாண்டவராயன் தலையே தூக்கவில்லை. "மத்தியானம் ஆபீசுக்குக் கூப்ட்டாங்க மச்சான். உன்ன எடுத்துட்டாங்க. நாளைக்குக் கேட்லயே நிறுத்திடுவாங்களாம். எனக்கு வாயால சொல்ல வரல. பாலத் தூக்கினு வந்து உன் கையில குடுக்கவும் மனசு வரல."

சாம்சனின் காதில் ஒரு சத்தமும் விழவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து பாண்டுரங்கன் வசனத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அடப்பாவிகளா, தலையை வெட்டுவதென்று வைத்துக்கொண்டா தலைப்பாகை கட்டினீர்கள்?

அப்புறம்தான் அவனுக்கு இன்னொன்று உறைத்தது.

"அத்த உன்கிட்ட இன்னாத்துக்குடா சொன்னாங்க?"

தாண்டவராயன் தட்டை இன்னும் முன்னே நீட்டினான்.

"என் லைன் யாருக்கு?"

"எனக்கு."

"வேணாம்னு சொன்னியா?"

"சொல்லல."

சாம்சன் கிண்ணத்தை எடுத்து, முன்வரிசைக்கு நன்றாகத் தெரியும்படி உயர்த்திப் பிடித்தான். மேனேஜர் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சாம்சன் ஒரே மூச்சில் குடித்தான். அந்த வசனத்தை அவன் சொல்லவில்லை. தலைப்பாகையைக் கழற்றி, மண்டியிட்டிருந்தவன் தலையில் வைத்துக் காது வரை அழுத்தினான்.

"இனிமே நீதான்டா பாஷா," என்றான். "உனக்கும் ஒருத்தன் கிண்ணத்தத் தூக்கினு வருவான். பாத்துக்க."

கூட்டம் விசிலடித்துக் கைதட்டியது, இப்படி ஒரு நடிப்பை அவர்கள் பார்த்ததே இல்லையாம். லூர்தம்மாள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றாள். சாம்சன் மேடையிலிருந்து இறங்கி நேராக அவளிடம் போனான். "வா, வூட்டுக்குப் போலாம்" என்றான்.