அண்ணி போட்ட பழைய வாஷர்

1

"எங்க கதைய எழுது, வேணாங்கல. அந்த வாஷர் விஷயத்த மட்டும் எழுதிராத தம்பி" என்றாள் அண்ணி. என்னிடம் போய் இப்படிச் சொன்னது பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான். அதிலிருந்து வேறெதுவும் எழுத ஓடவில்லை.

2

முதல் தொடக்கம்: 'அடைமழை கொட்டிய ஒரு—' (அடித்துவிட்டேன். அன்றைக்கு மழையே இல்லை.)

இரண்டாவது: பட்டறையில் அண்ணனும் அண்ணியும் சேர்ந்துதான் மோட்டாரை இரும்புச் சட்டத்தில் பூட்டுவார்கள். அடியிலிருந்து அண்ணன் போல்ட்டைப் பிடித்துக்கொள்வான். மேலே அண்ணி ஸ்பிரிங் வாஷரை, அதாவது ஓரிடத்தில் வெட்டுவிட்ட எஃகு வளையத்தைப் போட்டு, நட்டை முறுக்குவாள். வளையத்தின் முனை இரும்பைக் கடித்தால்தான் எத்தனை அதிர்ந்தாலும் நட்டு கழலாது.

"கடிச்சுதா?"

"கடிச்சுது."

"உன் அளவுக்கா?" என்பான் அடியிலிருந்து. அவன் ஜோக்கும் கடிதான். (பத்தாயிரம் தடவை கேட்டிருப்பாள். அத்தனை தடவையும் சிரித்தாள். அடடா, என்ன நாட்கள்! வேலைவெட்டி இல்லாத நான் அங்கேயே கிடந்தேன்.)

3

அண்ணியைக் கெட்டவளாக எழுத மனசு வரவில்லை. அந்த வாஷரைப் போட்ட அன்றைக்குக் காலையிலிருந்தே இருவருக்கும் பேச்சில்லை. (காரணம் அவளுக்கே மறந்துவிட்டது.) புது வாஷர் தீர்ந்துபோயிருந்தது. கேட்டால் பேச வேண்டியிருக்கும். கழற்றிப் போட்டதில் ஒன்றை எடுத்துப் போட்டாள். தட்டையாகிப்போன பழசு, அது கடிக்காது.

"கடிச்சுதா?"

"கடிச்சுது" என்றாள். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தைதான் பேசினாள்.

நாலாம் நாள், ஓடிக்கொண்டிருந்த மோட்டார் கழன்று அண்ணனின் வலது கையில் விழுந்தது.

"நான்தான் அடியில சரியாப் பிடிக்கல" என்று பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். பட்டறையைக் கொடுத்துவிட்டான். ஸ்பானரைத் தொடுவதில்லை. பழைய வாஷர் போட்டதை அண்ணி என்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள்.

4

சிக்கல் இதுதான்: நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிக்கிற ஆள் அண்ணன். இதை அவனிடம் கொடுத்தால்—

கொடுக்காமல் விட்டால்—

அண்ணியிடமே கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். "படுபாவி, சொல்லச் சொல்ல எழுதிட்டியே" என்று அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"கொண்டா. அவருக்கு நானே வாசிச்சுக் காட்டுறேன்."

5

உள்ளறையில் வாசிக்கிறாள். மூன்றாம் பகுதி முடிந்ததும் குரல் நின்றுவிட்டது. அண்ணனுக்காக இரண்டு பதில் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் மன்னிக்கிறான், இன்னொன்றில் எழுந்து போகிறான். இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

இப்போது அண்ணன் ஏதோ சொல்லத் தொடங்குகிறான். நின்றால் கேட்டுவிடும், கேட்டால் எழுதிவிடுவேன். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன்.

முடிவு வேண்டுமென்றால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அண்ணி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்.