ரூபியின் ஜாம் பிஸ்கட்

தென்காசியில் அந்தக் கிறிஸ்துமஸுக்கும் கிருபை அச்சுமுறுக்குதான் சுட்டாள். கொழுந்தனுக்குப் புதிதாக வாக்கப்பட்டு வந்த ஓரகத்தி ரூபியோ மணல் பரப்பிய சட்டியில், மூடிமேல் தணல் போட்டு, குற்றாலத்து அன்னாசியில் காய்ச்சிய ஜாமை நடுவில் வைத்து பிஸ்கட் சுட்டாள்.

வந்தவர்கள் முறுக்கைத் தொடவில்லை. கிருபையின் கணவனே இரண்டாவது பிஸ்கட்டுக்குக் கை நீட்டினான்.

"இங்கன முறுக்கும் இருக்கு."

"இருக்கட்டும்ட்டி. நீயும் இத ஒண்ணு தின்னு பாரு."

"எனக்கு வேண்டாம்."

அடுக்களையில் ஆளில்லாத நேரம் பார்த்து ஒன்றை வாயில் போட்டாள். நன்றாக இல்லாமலிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பிஸ்கட் வெண்ணெயாகக் கரைந்தது.

ரூபி உள்ளே வந்தாள். "எப்படிக்கா இருக்கு?"

"சீனி கூடிட்டு."

"அடுத்த வருசம் நீங்களே சுடுங்கக்கா. நான் சொல்லித் தாரேன்."

கிருபைக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் கேட்டாள்: "மணலு எவ்வளவு போடணும்?"