லொஃபோடனுக்குப் பூக் கேட்டது

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. பல்லடத்துப் பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாகப் பூகோளம் நடத்துகிறேன். பொற்கொடி டீச்சர் வாய்க்குப் பயப்படாத பிள்ளை கிடையாது. என் வீட்டுக்காரர் திருமலைசாமி மட்டும் நான் என்ன கத்தினாலும் சிரித்துக்கொண்டே நிற்பார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் மோசம் போனேன்.

நார்வே நாட்டின் வடக்கே லொஃபோடன் என்று ஒரு தீவுக் கூட்டம். வகுப்புச் சுவரில் தொங்கும் உலகப் படத்தின் உச்சியில் பொரி சிந்தினாற்போல் கிடக்கும். ஜூன் மாதம் அங்கே சூரியன் மறையவே மறையாது. வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிச் சொல்லி, சாவதற்குள் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது. தொண்ணூற்று நாலில் மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு அவரிடம் சொன்னேன். கிண்டல் செய்வார் என்று பார்த்தால், "அங்க மொத்தம் எத்தனை தீவு?" என்று கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு வருஷம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கட்டிலில் படத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்காருவோம். அங்கத்திய சுற்றுலா ஆபீசுக்கு நான் கடிதம் எழுதுவேன். படகு நேரப் பட்டியல் தபாலில் வரும். எந்தப் படகை விட்டு எந்தப் படகைப் பிடிப்பது என்பது அவர் பொறுப்பு. "மூணாவது தீவுல ஒரு நாள் போதும் கண்ணு. நாலாவதுல ரெண்டு நாள் நிப்போம். மீன்காரங்க ஊடு வாடகைக்குத் தர்றாங்களாமா" என்பார். திருச்சிக்கு அலைந்து இரண்டு பாஸ்போர்ட் எடுத்தோம். ஜூன் மாதத்துக்கு நான் லீவும் எழுதிக் கொடுத்தேன்.

டிக்கெட் போடப் போகிற வாரம் அவர் சொன்னார்: "அத்தனை தூரம் போறோம் அம்மணி. மாரியாத்தாகிட்ட ஒருக்கா பூக் கேட்டுப்போடலாம்."

எங்கள் பக்கம் கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, பூக் கேட்காமல் நடக்காது. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். அடையாளம் தெரியாமல் மடித்து அம்மன் முன்னால் வைத்து, கோயிலுக்கு வந்த ஏதாவது ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். அதற்கு மேல் பேச்சில்லை. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்க்கவும் மாட்டோம்.

பொட்டலங்களை அவரே மடித்துக் கொண்டுவந்தார். குழந்தை எடுத்தது சிவப்பு.

கோயில் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். "ஆத்தா வேண்டாங்கறா, விடு கண்ணு" என்று முதுகைத் தடவிக்கொடுத்தார். மறுநாளே லீவு வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன். நாலாவது தீவில் வீடு வாடகைக்குப் பேசியிருந்த அம்மாளுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். எங்கள் அம்மன் உத்தரவு தரவில்லை என்பதை இங்கிலீஷில் எந்த வாயால் சொல்வது? உடம்பு சரியில்லை என்று எழுதிப் போட்டேன்.

நாலு நாள் கழித்துச் சந்தையில் சின்னாத்தாளைப் பார்த்தேன். அந்தக் கோயிலைக் கூட்டிப் பெருக்குகிறவள்.

"ஏனுங்க டீச்சரம்மா, அன்னைக்குப் பூ மடிச்சது ஆருங்க?"

"எங்க ஊட்டுக்காரர்தான். ஏன்?"

"மீந்த பொட்டலத்தைப் பிரிச்சு மரத்தடியில கொட்டறது நானுங்க. அதுலயும் செவப்புத்தானுங்க இருந்துச்சு. மாறிப்போச்சாட்ட இருக்குது. மறுக்கா ஒருக்கா கேட்டுப்போடுங்க."

மாறிப்போகுமா? இரண்டே இரண்டு பொட்டலம், அதில் எப்படி மாறும்? காய்ப் பையை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு நேராக அவர் தறி ஓட்டும் குடோனுக்குப் போனேன். தறிச் சத்தத்தில் நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. மெயின் சுவிட்சை அணைத்தேன். பதினாறு தறியும் நின்றது.

"ரெண்டுலயும் செவப்பை வெச்சு மடிச்சீங்களா?"

முதலில் சிரித்தார். நான் அசையாமல் நிற்பதைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. தறிக்காரர்களை டீ குடிக்கப் போகச் சொன்னார்.

"தண்ணின்னா எனக்கு ஆகாது பொற்கொடி. பவானிக் கூடுதுறையிலயே முழங்காலுக்கு மேல இறங்குனதில்லை. படத்துல பாக்கறப்ப நல்லாத்தான் இருந்துச்சு. டிக்கெட்டுன்னதும் பயம் புடிச்சுக்கிச்சு."

"அதை எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க?"

"நான் வரலைன்னா நீ ஒத்தையில போயிருவ. ஆத்தா சொன்னாத்தான் நிப்ப."

அடப்பாவி மனுஷா என்று இருந்தது. இருபத்து மூன்று வருஷம் கூடவே வாழ்ந்து, என்னை எங்கே தட்டினால் அடங்குவேன் என்று தெரிந்து வைத்திருந்து, அங்கேயே தட்டியிருக்கிறார். அழுத என் முதுகைத் தடவிய கையை நினைத்தால் உடம்பெல்லாம் கூசியது.

"நாளைக்கே மறுக்காக் கேப்போம். நீயே மடி" என்றார்.

"ஆத்தாகிட்டக் கேக்கறதுக்கு இனி ஒண்ணுமில்லைங்க" என்றேன். "வரலைன்னு எங்கிட்டச் சொல்லியிருந்தா நானும் போயிருக்கமாட்டேன். உங்களை உட்டுப்போட்டு ஒரு நாளாச்சும் எங்கயாவது போயிருக்கறனா? இப்பத்தான் ஒத்தையில போறேன்."

மெயினைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். மறுநாள் முதல் பஸ்ஸில் கோயமுத்தூர் போய், எனக்கு மட்டும் டிக்கெட் போட்டுக்கொண்டு வந்தேன்.