கேரியர் கேஸ்

கடிதம் பிரித்தபோது வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். மாமா பொங்கியண்ணன் கயிற்றுக் கட்டிலில், வாசலைப் பார்த்து. அத்தை பூவாத்தாள் அடுப்படி நிலையில் சாய்ந்து, மடியில் மொச்சைக்காய் முறத்தோடு. நாத்தனார் நஞ்சம்மாள் தையல் மிஷின் ஸ்டூலில். உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்ததால் தம்பியின் கடிதம் வந்தால் அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும். நான் விளக்கு மாடத்துக்குக் கீழே தரையில். வெள்ளகோவில் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள் என்பதால், படிப்பதும் பதில் எழுதுவதும் என் வேலை.

கடிதம் வந்தது சனிக்கிழமை. பனியன் கம்பெனியில் மாமாவுக்கு ஞாயிறுதான் லீவு. அதுவரை அது மாடத்திலேயே இருந்தது. போகும்போதும் வரும்போதும் என் வீட்டுக்காரர் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டேன். கடிதம் மாமா பெயருக்குத்தான் வரும். 'மற்ற அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்' என்ற கடைசி வரியில் என் பங்கும் இருப்பதாக நானே வைத்துக்கொள்வேன். கல்யாணமாகிப் பதினான்கு மாதம். சேர்ந்து இருந்தது பத்தொன்பது நாள். பரோடாவில் எண்ணெய் ஆலை ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வேலை. குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது, மருதாளை அனுப்பலாமா என்று என்னைப் பற்றி இரண்டு முறை கேட்டு எழுதினார். "போலாம், இப்ப என்ன அவசரம்?" என்றுதான் இரண்டு முறையும் அத்தை எழுதச் சொன்னார்.

அங்கே உனக்கு என்னதான் வேலை என்று போன தடவை மாமா கேட்டிருந்தார். அதற்கு ஒன்றரைப் பக்கம் பதில் வந்திருந்தது. எண்ணெயில் ஒரு சொட்டை ஆவியாக்கி நீளக் குழாய்க்குள் விடுகிறார்களாம். ஹைட்ரஜன் அதைத் தள்ளிக்கொண்டு போகுமாம். அதற்குக் கேரியர் கேஸ், அதாவது சுமந்துபோகும் வாயு, என்று பெயர். குழாயில் அடைத்திருக்கும் சரக்கு ஒவ்வொரு ஆவியையும் ஒவ்வொரு நேரம் நிறுத்தி வைப்பதால், கலந்து போனவை பிரிந்து பிரிந்து வெளியே வரும். கடைசியில் காத்திருப்பது டிடெக்டர். 'வந்தது யார் என்று அதற்குத் தெரியாது. யாரோ வந்தார்கள், எவ்வளவு வந்தார்கள் என்பதுதான் தெரியும். யார் என்பதை, வந்த நேரத்தை வைத்து நாங்கள் கண்டுகொள்கிறோம்' என்று எழுதியிருந்தார். அந்த வரியை நான் கொஞ்சம் மெதுவாகப் படித்தேன்.

"அதென்னமோ கம்பின்னானே, அதைச் சொல்லு அம்மிணி" என்றார் மாமா.

"டிடெக்டருக்குள்ள இருக்கறதுங்க மாமா, பல்புல இருக்கறாப்பல சூடான கம்பி. ஹைட்ரஜன் அதும்மேல ஓடீட்டே இருந்தா சூட்டை வாங்கீட்டுப் போயிருமுங்க. நடுவுல எண்ணெய் ஆவி வந்தா, அதுக்கு அத்தனை வாங்கத் தெரியாது. கம்பி இன்னுங் கொஞ்சம் காயும். காஞ்சாக் கரண்ட்டு போறது சிரமமுங்க. அந்த வித்தியாசத்துல பேனா காயிதத்துல மேல ஏறும்."

"கம்பியக் காய வெக்கறதுக்கா எந்தம்பி பரோடா போனான்? இங்க இஸ்திரிப் பெட்டி இல்லியாக்கும்!" என்றாள் நஞ்சம்மாள்.

மாமா சிரிக்கவில்லை. "ரெண்டு கம்பின்னு எழுதியிருக்கானே, எதுக்கு?"

"சாயங்காலமானா நம்மூர்ல வோல்டேஜ் எறங்குதில்லீங்களா? ஒத்தக் கம்பின்னா, ஆடுனது வோல்டேஜா ஆவியான்னு தெரியாதுங்க. அதனால இன்னொண்ணுல வெறும் கேரியர் மட்டும் போகும். வோல்டேஜ் எறங்குனா ரெண்டுக்கும் ஒண்ணாட்ட எறங்கும், பேனா அசையாது. ஒண்ணுக்கு மட்டும் ஏதாச்சும் ஆனாத்தான் அசையும்."

"அப்ப ஹைட்ரஜன் சுமக்கற ஆளு. கம்பி பாக்கற ஆளு."

"அதேதானுங்க மாமா."

மொச்சை உரித்துக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றுவிட்டது.

"என்ன சொன்னே? வெறுங் கேரியரா? எம்பையன் கேரியர்ச் சோறா திங்கறான்?"

எங்கள் ஊரில் மில்லுக்குச் சோறு கொண்டுபோகும் சைக்கிள்காரர் இருபது முப்பது கேரியரைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு போவார். அத்தைக்குத் தெரிந்த கேரியர் அது ஒன்றுதான்.

"அதான் போட்டோவுல கழுத்தெலும்பு தெரிஞ்சுது" என்றாள் நஞ்சம்மாள்.

"எவங் கையோ ஆக்குனது, ஆறி அவிஞ்சு வருது. அதுலயும் ஒருநாளைக்கு வெறுங் கேரியர்! அங்க ஊடு குடுத்தும் அடுப்புப் பத்தாமக் கெடக்குது. எழுது அம்மிணி. கேரியரை நிறுத்தச் சொல்லு. தை பொறந்ததும் உன்னையக் கொண்டாந்து உடறோம்னு எழுது."

அது சாப்பாடு இல்லீங்க அத்தை, கேஸுங்க. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. கம்பியையும் பேனாவையும் வரிசை பிசகாமல் விளக்கிய வாய்க்கு இது பெரிய காரியமில்லை. நான் இன்லேண்ட் லெட்டரை எடுத்து மணைமேல் வைத்தேன். மாமா பக்கம் திரும்பவில்லை.

வழக்கம்போல் எண் போட்டு எழுதினேன். ஒன்று, அனைவரும் நலம். இரண்டு, எருமை கன்று போட்டது. மூன்று, டிடெக்டர் விளக்கம் மாமாவுக்குப் புரிந்தது. நான்கில் அத்தை சொன்னதை அப்படியே எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் பயம் பிடித்தது. என் வீட்டுக்காரர் தப்பைக் கண்டால் விடமாட்டார். 'அம்மா, அது சாப்பாட்டுக் கேரியர் அல்ல' என்று படம் போட்டு எழுதுவார். நான் விழுங்கிப் படித்தாலும், எழுத்துக் கூட்டிப் படிக்க நஞ்சம்மாள் இருக்கிறாள். அவரிடம் ரகசியமாகச் சொல்லவும் வழியில்லை; ஒட்டுவதற்கு முன் எல்லோர் எதிரிலும் படித்துக் காட்ட வேண்டும்.

ஐந்து என்று போட்டு எழுதினேன்: 'கேரியர் பற்றி எல்லோருக்கும் நன்றாகப் புரிந்துவிட்டது. இனி அதைப் பற்றி விளக்கி எழுத வேண்டியதில்லை.'

படித்துக் காட்டினேன். அத்தை தலையாட்டினார்.

"அஞ்சாவதை இன்னொருக்காப் படி" என்றார் மாமா.

படித்தேன். கட்டில் கயிறு முறுகுவது கேட்டது.

"என்னுங்க, தப்பா இருக்குதுங்களா?" என்று அத்தை கேட்டார்.

"தப்பென்ன தப்பு. படிக்கறவனுக்குப் புரிஞ்சாச் சரி" என்றார் மாமா. "ஒட்டு அம்மிணி. நானே போட்டுட்டு வாறேன்."

மூன்று மடிப்பையும் நாக்கில் தொட்டு ஒட்டி, விரலால் இரண்டு தரம் தேய்த்துக் கொடுத்தேன். தெருமுனைத் தபால்பெட்டி எங்கள் வாசலிலிருந்தே தெரியும். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவசரமில்லாமல் வெயிலில் நடந்தார். பெட்டியருகே நின்று கடிதத்தைத் திருப்பி, விலாசத்தை ஒருமுறை பார்த்தார். கை மணிக்கட்டுவரை உள்ளே போய், விரல்கள் விரிந்தபடி வெளியே வந்தது.