பட்டினிப் பாத்தி

தங்கச்சி தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் ஓடி வந்தாள். ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தினாளா, சாய்த்துப் போட்டாளா தெரியாது. ஏதோ விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. நான் கூடத்தில் மேசை மின்விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, எந்தத் திருகாணி எங்கே இருந்தது என்று முழித்துக்கொண்டிருந்தேன். என்னைத் தாண்டிக் குதித்து நேரே சமையலறைக்குப் போனவள், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவியைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தாள். தலைக்கவசம் என் மனைவியின் மண்டையில் நன்றாகவே இடித்தது.

"அண்ணி! வெறும் பாத்தி பேசிடுச்சு அண்ணி!"

"எது பேசுச்சு? முதல்ல அந்தச் சட்டியைக் கழட்டுடி. பாதி காதுல விழல."

"உரமே போடாத பாத்தி. அதுலேருந்து வாயு வந்திருக்கு. கொஞ்சநஞ்சமில்ல, உரம் போட்ட பாத்திக்குச் சமமா வந்திருக்கு. பேராசிரியரே நம்பல. மறுபடி மெஷின்ல ஓட்டிப் பாத்துட்டு, நாளைக்குக் காலையில நேர்ல வரேன்னு சொல்லிட்டாரு!"

என் மனைவி சந்தோஷப்பட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். சிரித்தாள், தங்கச்சியின் கன்னத்தைத் தட்டினாள். ஆனால் உரித்த வெங்காயத்தைத் தோல் கிடந்த தட்டிலும், தோலைப் பாத்திரத்திலும் போட்டாள். நான் அதைப் பார்த்தேன். வெங்காயம் கண்ணைக் கரித்திருக்கும் என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தங்கச்சி மண்ணை ஆராய்ச்சி செய்கிறவள். எங்கள் மக்காச்சோளக் காட்டின் ரோட்டோர மூலையைக் கெஞ்சிக் கூத்தாடி என்னிடமிருந்து வாங்கி, அதை இரண்டு பாத்தியாக வரப்புக் கட்டிப் பிரித்தாள். ஒன்றில் நான் வழக்கமாகப் போடும் யூரியா. இன்னொன்றில் ஒன்றுமே கிடையாது. இரண்டிலும் நடுவாக இரும்பு வளையங்களை மண்ணில் பதித்தாள். வேண்டியபோது வளையத்தின் மேல் ஒரு மூடியைப் பொருத்தி, மூடியில் இருக்கும் ரப்பர் அடைப்பில் ஊசியைக் குத்தி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி, சின்னக் கண்ணாடிக் குப்பியில் அடைத்துக்கொண்டு போவாள். ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்ப்பார்கள். "மண்ணுக்கும் சர்க்கரை வியாதி வந்துடுச்சா?" என்று பால்காரர் கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

அவள் பிடிப்பது சிரிப்பு வாயு. பல் பிடுங்கும்போது சில இடங்களில் வலி தெரியாமல் இருக்கக் கொடுப்பார்களே, அதேதான். நாம் போடும் உரத்தை எல்லாம் பயிர் தின்பதில்லையாம். மிச்சத்தில் ஒரு பங்கை மண்ணுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் இந்த வாயுவாக மாற்றி மேலே அனுப்பிவிடுமாம். மேலே போனது நூறு வருஷம்போல அங்கேயே இருந்துகொண்டு, கரியமில வாயுவைவிடப் பல மடங்கு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். "என் பொழப்பைப் பாத்து ஊர்தான் சிரிக்குதுன்னு நெனச்சேன், நெலமுமா சிரிக்குது?" என்று அவளைக் கிண்டல் செய்தேன். ஆனால் அன்றைக்குச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. என் அப்பா காலத்தில் உரம் போடாதவன் சோம்பேறி. இப்போது போட்டவன் குற்றவாளி. வருஷா வருஷம் வெயில் ஏறுகிறது, பயிர் சுணங்குகிறது, சுணங்கிய பயிருக்கு இன்னும் ஒரு பிடி கூடப் போடுகிறேன், அதனால் வெயில் ஏறுகிறது என்கிறாள் தங்கச்சி. இதில் எந்த முனையைப் பிடித்து இழுத்தால் சிக்கு அவிழும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அவளுக்கும் சும்மா ஒன்றும் நடக்கவில்லை. போன பருவம் எருமை புகுந்து வளையங்களை மிதித்துவிட்டது. அதற்கு முந்தின பருவத்தில் மழையே இல்லை, தண்ணீரும் இல்லை. இந்தப் பருவமும் பொய்த்தால் இந்த ஆராய்ச்சியை விட்டுவிட்டு வேறு ஏதாவது பார் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். இத்தனை வருஷப் படிப்பும் விழலுக்கு இறைத்த நீராகிவிடும் என்று அவள் என் மனைவியின் மடியில் தலைவைத்து அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

சாப்பிடும்போது தலைகால் புரியாமல் பேசினாள். "அண்ணா, இது என்னன்னு தெரியுதா? போன வருஷங்கள்ல நீங்க போட்டதெல்லாம் காஞ்ச மண்ணுல அப்படியே தூங்கிட்டு இருந்திருக்கு. விதைச்ச மழைக்கு அப்புறம் நீங்க விட்ட முதல் தண்ணி பட்டதும் முழிச்சுக்கிட்டு மொத்தமா வெளியே வந்திருக்கு. அப்போ இந்த வருஷம் உரம் போடலேன்னாலும் போன வருஷ உரம் சும்மா இருக்காது. இவ்வளவு வரும்னு யாருமே எதிர்பாக்கல!"

"அப்போ எப்படிப் பாத்தாலும் தப்பு என்னோடதுதான்" என்றேன்.

"தப்பு யாரோடதுன்னு இல்லண்ணா. கண்டுபிடிச்சிருக்கேன்!"

என் மனைவி அவளுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். போதும் போதும் என்று தங்கச்சி கையால் தட்டை மறைத்தும் கேட்காமல் வைத்தாள். அது அவள் சுபாவம். தெருப் பூனைக்குத் தனித் தட்டு வைத்திருக்கிறவள். யாராவது மெலிந்திருந்தால் அவர்களைப் பெற்றவர்கள்மேல் அவளுக்குக் கோபம் வரும். வெறும் பாத்திக்குப் பட்டினிப் பாத்தி என்று பெயர் வைத்ததும் அவள்தான். மற்றச் செடிகள் கருகருவென்று ஏறும்போது இது முழங்கால் உயரத்தில் மஞ்சளாய் நின்றது. ரோட்டுப் பக்கம் வேறு இருந்து தொலைத்தது.

தங்கச்சி வளையங்களைத் துடைத்துவைக்கக் காட்டுக்குப் போன பிறகு, பாத்திரம் கழுவும் இடத்தில் என் மனைவி என்னைக் கூப்பிட்டாள்.

"ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது."

கல்யாணமான நாளிலிருந்து இந்த முன்னுரைக்குப் பின்னால் நல்ல செய்தி எதுவும் வந்ததில்லை.

"பட்டினிப் பாத்திக்குக் கொஞ்சம் போட்டுட்டேங்க."

"எதை?"

"சோத்தையா போடுவாங்க? யூரியாதான்."

நான் கத்தவில்லை. கத்துவதற்குக் குரல் வர வேண்டும்.

"எப்போ?"

"நீங்க அதுக்கு முதல் தண்ணி விட்டீங்களே, அதுக்கு முந்தின சாயங்காலம். ஒரு கிண்ணம்தான். ரோட்டோர முனையில, ரொம்ப வாடிக்கிடந்த செடிங்களுக்கு மட்டும். போறவங்க வர்றவங்க எல்லாம் ஒரு மாதிரி பாத்துட்டுப் போறாங்க. எனக்குத் தாங்கல. சத்தியமா அந்த வளையத்துக்கிட்ட போகல. தொடக் கூடாதுன்னு அவ சொல்லியிருக்கால்ல?"

"உரம் போடக் கூடாதுன்னும்தானே சொன்னா?"

"அது உங்ககிட்ட சொன்னா. என்கிட்ட வளையத்தைத் தொடாதீங்கன்னுதான் சொன்னா."

வளையத்தைத் தொடாத பெருமை அவள் முகத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. "நாலு செடிக்குப் போட்டா யாருக்குத் தெரியப்போகுதுன்னு நெனச்சேன். மண்ணு காட்டிக் குடுக்கும்னு யார் கண்டா?" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. உடனே, என்ன பெரிய பாவம் செய்துவிட்டாள், வாடினதற்குப் போட்டாள் என்று அவள் பக்கமும் பேசத் தோன்றியது. சொன்னால் தங்கச்சியின் சந்தோஷம் போச்சு. அண்ணி என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள் இனி இந்த வீட்டுப் படி ஏறுவாளோ மாட்டாளோ. சொல்லாவிட்டால் நாளைக்கு நாலு பேர் நடுவில் நின்று பொய்யை நிஜம் என்று சொல்வாள், அது பொய் என்றே தெரியாமல். இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். எறும்பாவது குச்சியின் நடுவில் கொஞ்ச நேரம் நிற்கலாம்.

"நானே பக்குவமாச் சொல்றேன். நீ வீட்டுல இரு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பக்குவம் என்றால் என்ன என்று வரப்பில் நடக்கும்போதெல்லாம் யோசித்தேன். வெயில் தணியவே இல்லை. மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. இதற்குள் என்னென்ன தூங்குகிறது என்று நினைத்ததும் காலை மெதுவாக எடுத்துவைத்தேன். கிறுக்குத்தனம்தான், ஆனாலும் அப்படித்தான் நடந்தேன்.

தங்கச்சி பட்டினிப் பாத்தியில் குந்தியிருந்து வளையத்தின் விளிம்பை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தாள். அவள் முணுமுணுத்து எத்தனையோ நாளாயிற்று.

"வாங்கண்ணா. ஒரு உதவி. நாளைக்குப் பேராசிரியர் வந்தா, இந்தப் பாத்தியில ஒரு பிடி உரம்கூட விழலன்னு நீங்கதான் சொல்லணும். என்னை நம்ப மாட்டாரு. நெலத்துக்காரர் சொன்னா நம்புவாரு."

நான் தொண்டையைச் செருமினேன். மறுபடி செருமினேன்.

"விழுந்துச்சும்மா" என்று எனக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. வீட்டில் இரு என்றால் என்றைக்கு இருந்திருக்கிறாள்? செருப்பில்லாமல் வரப்பில் நின்றுகொண்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். முந்தின சாயங்காலம், கிண்ணம், ரோட்டோர முனை, வாடின செடி. கடைசியில், "என்னை ரெண்டு திட்டு திட்டிடு" என்றாள்.

தங்கச்சி திட்டவில்லை. ஈரத்துணியை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அவள் முகம் சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் இருக்கிற மாதிரி ஆகிவிட்டது. எழுந்து ரோட்டோர முனைக்குப் போனாள். அங்கே இருந்து வளையங்கள் வரை நடந்து வந்தாள். குனிந்து செடிகளைப் பார்த்தாள். என் மனைவி சொன்னது நிஜம்தான். அந்த முனையில் நாலைந்து செடிகள் மட்டும் கொஞ்சம் பச்சை பிடித்திருந்தன. தினமும் பார்க்கிறேன், எனக்கு உறைக்கவில்லை.

"இருங்க அண்ணி. அழாதீங்க. நான் யோசிக்கணும்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, அன்னைக்கு எந்த முனையிலேருந்து தண்ணி விட்டீங்க?"

"ஏன்?"

"ரோட்டோர முனையில ஆரம்பிச்சிருந்தா, உரத்தைக் கரைச்சு தண்ணியே வளையத்துக்குக் கொண்டுவந்திருக்கும். அப்போ எல்லாம் போச்சு. அந்தக் கடைசி முனையில ஆரம்பிச்சிருந்தா, வளையத்தை நனைச்ச பிறகுதான் தண்ணி இங்க வந்திருக்கும். அப்போ அண்ணி போட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நான் பாத்தது நிஜம்." அவள் என் பக்கம் ஓர் எட்டு வைத்தாள். "எந்த முனைண்ணா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டு, அந்தப் பூதம் கடைசியில் என் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தண்ணீர்த் தொட்டி பாத்தியின் நடுவுக்கு நேராக இருக்கிறது. ரப்பர் குழாய் இரண்டு முனைக்கும் எட்டும். நிலம் தட்டு மாதிரி மட்டம். மட்டம் பிடிக்கத் தெரிந்தவன் என்று நான் பீற்றிக்கொண்ட நிலம். ஒரு நாள் இப்படி, ஒரு நாள் அப்படி, கால் போன பக்கம் போய்த் தண்ணீர் விடுவேன். இதையெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? கடைசி முனை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் முகம் மலர்ந்துவிடும், இவளும் அழுகையை நிறுத்திவிடுவாள். அது பொய் என்றும் சொல்ல முடியாது, நிஜமாகவும் இருக்கலாம்.

"தெரியலம்மா" என்றேன்.

"நல்லா யோசிச்சுப் பாருங்க."

"யோசிக்க யோசிக்க ரெண்டும் ஞாபகம் வருதும்மா. ரோட்டோரம் நின்னு பால்காரர்கிட்ட பேசின மாதிரியும் இருக்கு. அது வேற நாளோ என்னவோ."

அவள் குழாயை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். வால்வைத் திறக்கவில்லை. "யோசிக்காதீங்கண்ணா. தண்ணி விடப் போறீங்க, அவ்வளவுதான். எப்பவும் போற மாதிரி போங்க."

குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு பாத்தியின் நடுவில் நின்றேன். உள்ளே மிச்சமிருந்த வெந்நீர் நுனியில் சொட்டி, என் கால் விரலுக்குப் பக்கத்தில் இருந்த வெடிப்பில் விழுந்து, சத்தமில்லாமல் காணாமல் போனது. என் மனைவி வரப்பிலிருந்து இறங்கி வந்து தங்கச்சியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தங்கச்சி அதை உதறவில்லை. இருவரும் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலது காலைத் தூக்கினேன். தூக்கின காலை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல், குழாயோடு, ஒற்றைக் காலில் நின்றேன்.