பதினொரு ஜிபி இடம்

தேர்வாய் கண்டிகையில் எங்கள் கம்பெனியின் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் பெரிய மேதாவி என்ற நினைப்பு. அன்று காலை திரையில், பதினாறு ஜிபி மெமரியில் காலி அரை ஜிபிதான் என்று காட்டியது. சர்வர் படுத்துவிடும் என்று பயந்து, யாரையும் கேட்காமல் ரீஸ்டார்ட் செய்தேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது என் பிறவிக் குணம்.

இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறியபோது ஸ்பீக்கரில் அறிவிப்பு வரவில்லை.

"ஹெல்மெட் போடுங்க, கையுறை போடுங்க, வீட்ல உங்களுக்காகக் காத்திருக்காங்க" என்று ஒரு பெண் குரல் தினமும் ஷிப்ட் மாறும்போதெல்லாம் சொல்லும். கடைசியில் சின்னதாக ஓர் இருமல். தேடினேன், அந்தக் கோப்பு டிஸ்கில் இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் எப்போதோ அழித்திருக்கிறார். அறிவிப்பு புரோகிராம் அதை முன்பே மெமரியில் ஏற்றி வைத்திருந்ததால்தான் குரல் நிற்காமல் வந்திருக்கிறது. மிச்சமிருந்த அந்த ஒரே பிரதியை ரீஸ்டார்ட் செய்து நான் அழித்துவிட்டேன்.

அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். சர்வரில் ஓடும் லினக்ஸ் மெமரியைச் சும்மா போட்டு வைக்காது. படித்த கோப்புகளைக் காலி இடத்தில் வைத்துக்கொள்ளும், அதுதான் கேஷ். யாராவது இடம் கேட்டால் உடனே விட்டுக்கொடுத்துவிடும். காலையில் எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டை மறுபடி பார்த்தேன். அதே வரிசையின் கடைசிக் கட்டத்தில், கிடைக்கக்கூடியது பதினொரு ஜிபி என்று இருந்தது. கண் இருந்தும் குருடன் நான்.

அப்போது பிரஸ் மிஷினில் வேலை செய்யும் பீட்டர், ஷிப்ட் முடிந்து வந்தார். அது அவர் மனைவி மோனிகாவின் குரலாம். இங்கே ரிசப்ஷனில் இருந்தவர், மஞ்சள் காமாலையில் போய் இரண்டு வருடமாகிறது.

"உள்ள வர்றப்ப ஒருவாட்டி, போறப்ப ஒருவாட்டி கேப்பேன் சார். ஃபோனை கேட்லயே வாங்கி வச்சிக்கிறாங்க, ரெக்கார்டு பண்ணிக்கல. எங்க போயிடப் போவுதுன்னு இருந்துட்டேன்."

மெமரியில் இடமில்லை என்று ரீஸ்டார்ட் செய்தேன், குரல் போய்விட்டது என்றேன். அவரோ என்னைத் தேற்றினார்.

"மிஷின்ல எடம் இல்லாமதான இப்டி ஆச்சு? நீ இன்னா சார் பண்ணுவ."

தலையாட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். முடியவில்லை.

"எடம் இருந்துச்சு அண்ணே. நெறைய இருந்துச்சு. நான்தான் பாக்கல."

அவர் திட்டவில்லை. வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசில இருமுவாளே," என்றார். "அது மட்டுமாவது எங்கனா இருக்குமா?"

தேடுவதுபோல் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தேன். வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. பீட்டர் நகரவில்லை.